பழைய வீட்டின் குளியலறையைப் புதுப்பிக்க முன்னர்: நீர்க்குழாய்த் தொகுதியைப் பரிசோதித்தலும் மேம்படுத்தலும்



க.பொ.த. சாதாரண தரத்தில் மனைப்பொருளியல் அல்லது வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் கற்போருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படித்த திரவ அமுக்கம், இரும்பு துருப்பிடித்தல், புவித்தொடுப்பு ஆகியனவும் இங்கே வருகின்றன. எனவே விஞ்ஞானம் மட்டும் கற்கும் மாணவரும் இதனை மீட்டலாகப் பயன்படுத்தலாம்.

ஒரு குடும்பம் பழைய குளியலறையைத் திருத்த முடிவு செய்தால் முதலில் எதைப் பற்றிப் பேசுவார்கள்? ரைல்ஸ் என்ன நிறம், கொமட் எந்த வடிவம், ஷவர் எங்கே என்பவற்றைப் பற்றித்தான். சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் கிடக்கும் குழாய்களைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. புது ரைல்ஸ் பதித்துச் சில மாதங்களில் சுவரில் ஈரம் ஊறும்போதுதான் அவை நினைவுக்கு வரும். அப்போது பதித்ததை உடைக்க வேண்டும். அதே நிற ரைல்ஸ் கடையில் மீண்டும் கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. சீட்டுப் பிடித்தோ, நகையை அடகு வைத்தோ செய்த வேலைக்கு இரண்டாம் முறையும் காசு தேட வேண்டி வரும்.

ஆகவே இப்பாடத்தின் அடிப்படை விதியை மனதிற் பதித்துக்கொள்ளுங்கள்:

மறையப்போவதை முதலில் பரிசோதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியப்போவதைப் பின்னர் வாங்கலாம்.

கீழே வரும் ஒவ்வொரு பகுதியும் இவ்விதியின் விளக்கமே ஆகும்.

1. குளியலறையில் உள்ள இரு தொகுதிகள்

குளியலறைக் குழாய்களை இரு வகையாகப் பிரிக்கலாம்.

(அ) நீர் வழங்கற் தொகுதி: தாங்கியிலிருந்து அல்லது பிரதான குழாயிலிருந்து நீரைக் கொண்டுவருவது. இதனுள் நீர் எப்பொழுதும் அமுக்கத்துடன் நிற்கும். ஆகவே சிறு துவாரம் இருந்தாலும் இரவும் பகலும் நீர் கசிந்துகொண்டே இருக்கும்.

(ஆ) கழிவுநீர்த் தொகுதி: பாவித்த நீரையும் மலக்கழிவையும் வெளியேற்றுவது. இதில் நீர் சரிவினால், அதாவது புவியீர்ப்பினால், ஓடுகிறது. பாவிக்கும்போது மட்டுமே நீர் செல்வதால் இதிலுள்ள வெடிப்பு நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருக்கும். ஆனால் வெளியேறுவது அழுக்கு நீர் என்பதால் ஆபத்து அதிகம்.

இவ்விரண்டையும் ஒரே முறையில் பரிசோதிக்க முடியாது. விடை எழுதும்போதும் இரண்டையும் கலந்து எழுதாமல் வெவ்வேறாகப் பிரித்து எழுதுங்கள்.

2. பழைய வீட்டில் என்ன பிரச்சினை?

நமது நாட்டின் பழைய வீடுகள் பலவற்றில் நாகம் பூசிய இரும்புக் குழாய்களே பொருத்தப்பட்டன. கடைக்காரரும் பிளம்பரும் இதனை ஜி.ஐ. பைப் என்பர். இரும்பைவிட நாகம் தாக்குதிறன் கூடிய உலோகம். ஆகவே நாகம் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. இதுவே நீங்கள் விஞ்ஞானத்தில் படித்த அர்ப்பணிப்புப் பாதுகாப்பு. நாகப் படை முழுவதும் தீர்ந்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். துரு குழாயின் உட்சுவரில் கட்டிகட்டியாகப் படிந்து நீர் செல்லும் வழியைச் சுருக்கும்.

எவ்வளவு சுருக்கும் என்பதைக் கணித்துப் பார்ப்போம். குழாயொன்றின் உள்விட்டம் 16 மில்லிமீற்றர் எனக் கொள்க. துருப் படிந்து அது 8 மில்லிமீற்றர் ஆகிறது. விட்டம் அரைவாசியானால் குறுக்குவெட்டுப் பரப்பளவு காற்பங்காகும். உராய்வும் கூடுவதால் நீரின் பாய்ச்சல் காற்பங்கிலும் குறைந்துவிடும். இந்தக் குழாயில் எவ்வளவு விலையுயர்ந்த ஷவரைப் பூட்டினாலும் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கற் பிரதேசங்களில் வேறொரு பிரச்சினையும் உண்டு. அங்கு கிணற்று நீர் வன்னீர் ஆகும். அதில் கரைந்துள்ள கல்சியம் சேர்வைகள் சூடாகும்போது வெண்ணிறப் படிவாக மாறும். ஷவரின் துவாரங்களும் ஹீற்றரின் உட்பகுதியும் இதனால் அடைபடும். ஷவர் முகத்தை வினாகிரியில் ஊறவைத்தால் அதிலுள்ள அமிலம் படிவைக் கரைத்துவிடும். அதாவது நீர் குறைவாக வந்தால் குழாய்தான் காரணம் என்று உடனே முடிவு செய்யக்கூடாது. முதலில் ஷவர் முகத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வடக்கு, கிழக்கில் போர்க் காலத்தில் பல ஆண்டுகள் ஆளில்லாமற் கிடந்த வீடுகளுக்கு மக்கள் திரும்பியபோது இன்னொரு நிலைமையைக் கண்டனர். பாவிக்காத இரும்புக் குழாய்களுக்குள் ஈரமும் வளியும் சேர்ந்தே இருந்தன. துருப்பிடிப்பதற்கு வேண்டிய இரு காரணிகளும் இவையே. நீண்ட காலம் மூடிக் கிடந்த வீட்டின் குழாய்களை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், பரிசோதிக்காமல் நம்பக்கூடாது.

3. செலவின்றிச் செய்யக்கூடிய பரிசோதனைகள்

இவற்றை மாணவராகிய நீங்களே வீட்டுப் பெரியவர்களின் அனுமதியுடன் செய்யலாம்.

பரிசோதனை 1: நீர்மானிப் பரிசோதனை
தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்புள்ள வீடுகளுக்குரியது. தாங்கி நிரம்பிய பின்னர், இரவு படுக்கப் போகுமுன் எல்லா பைப்புகளையும் மூடிவிட்டு நீர்மானியின் வாசிப்பைக் குறித்துக்கொள்க. எவரும் நீர் பாவிக்காத நிலையில் அதிகாலையில் மீண்டும் வாசிக்க. வாசிப்பு கூடியிருந்தால் எங்கோ கசிவு உண்டு. பட்டியலில் வரும் ஓர் அலகு என்பது ஒரு கனமீற்றர், அதாவது 1000 லீற்றர் ஆகும்.

பரிசோதனை 2: தாங்கி மட்டப் பரிசோதனை
கிணறும் தாங்கியும் உள்ள வீடுகளுக்குரியது. தாங்கியை நிரப்பி மோட்டரை நிறுத்துக. முதலாம் இரவு தாங்கியின் வெளியேற்று வால்வை மூடி, நீர் மட்டத்தை அடையாளமிடுக. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தாங்கியே ஒழுகுகிறது. இறங்காவிட்டால் இரண்டாம் இரவு வால்வைத் திறந்து, வீட்டிலுள்ள பைப்புகளை எல்லாம் மூடி விடுக. இப்போது மட்டம் இறங்கினால் கசிவு குழாய்களில் அல்லது கொமட்டின் நீர்த்தொட்டியில் உள்ளது.

கணித்தல்: தாங்கி உருளை வடிவமானது; அதன் ஆரை 50 சென்ரிமீற்றர். எட்டு மணித்தியாலத்தில் மட்டம் 3 சென்ரிமீற்றர் இறங்கியுள்ளது எனின்,
கசிந்த கனவளவு = 22/7 × 50 × 50 × 3 = ஏறத்தாழ 23 570 கனசென்ரிமீற்றர் = 23.6 லீற்றர்.
ஒரு நாளைக்கு இதன் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 71 லீற்றர். 30 நாட்களுக்கு ஏறத்தாழ 2100 லீற்றர். பார்வைக்கு மூன்று சென்ரிமீற்றர்தான். மாதத்தில் அது இரண்டு அலகுக்கும் மேற்பட்ட நீர். கிணற்று வீடாயின் அத்தனை நீரையும் இறைத்த மின்சாரமும் வீணே.

பரிசோதனை 3: நிறப் பரிசோதனை
கொமட்டின் மேலுள்ள நீர்த்தொட்டியின் மூடியைத் திறந்து உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சிறிது கலக்குக. நீரைத் திறந்துவிடாமல் 20 நிமிடம் பொறுத்துப் பார்க்க. கொமட்டின் கிண்ணத்தில் நீல நிறம் தோன்றினால் தொட்டியின் அடியிலுள்ள றப்பர் அடைப்பான் தேய்ந்துவிட்டது. இதற்குச் சுவரை உடைக்கத் தேவையில்லை. அடைப்பானை மாற்றினாற் போதும்.

பரிசோதனை 4: வாளிப் பரிசோதனை
10 லீற்றர் வாளி நிரம்ப எடுக்கும் நேரத்தை வீட்டின் ஒவ்வொரு பைப்பிலும் அளவிடுக. சமையலறைப் பைப்பில் 50 செக்கன் எடுக்கும் வாளி குளியலறைப் பைப்பில் 150 செக்கன் எடுக்கிறது எனக் கொள்க. முதலாவதன் பாய்ச்சல் நிமிடத்துக்கு 12 லீற்றர். இரண்டாவதன் பாய்ச்சல் 4 லீற்றர். இரண்டு பைப்புகளும் ஒரே உயரத்தில், ஒரே தாங்கியிலிருந்து நீர் பெறுவனவாயின், குளியலறைக்குச் செல்லும் கிளைக் குழாயில் அடைப்பு உண்டு என ஊகிக்கலாம்.

பரிசோதனை 5: காந்தமும் முதல் நீரும்
வெளியே தெரியும் குழாயில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க. ஒட்டினால் இரும்புக் குழாய். அடுத்து, அதிகாலையில் முதலில் வரும் நீரை ஒரு வெள்ளைப் பாத்திரத்திற் பிடிக்க. மண்ணிறமாக இருந்து சிறிது நேரத்தின் பின் தெளிந்தால், இரவு முழுவதும் குழாய்க்குள் நின்ற நீரிற் துரு கலந்துள்ளது என்பது பொருள். தொடர்ந்து கலங்கலாகவே வந்தால் தாங்கியையும் கிணற்றையும் பார்க்க வேண்டும்.

4. நீர் வழங்கற் தொகுதியை மேம்படுத்தல்

(அ) குழாயை மாற்றுதல்
துருப்பிடித்த இரும்புக் குழாயின் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு பொருத்துவது தற்காலிகத் தீர்வே. ஒரே காலத்தில் பதித்த குழாய் ஓரிடத்தில் உக்கினால் மற்ற இடங்களும் அதே நிலையை நெருங்கியிருக்கும். சுவரை உடைக்கும் சந்தர்ப்பம் கிடைக்கும்போதே குளியலறைக்குரிய கிளைக் குழாய் முழுவதையும் மாற்றுவது சிக்கனமானது.

குளிர்நீருக்குப் பி.வி.சி. குழாய் பொருத்தமானது. அது துருப்பிடிக்காது, பாரம் குறைந்தது, உட்புறம் வழுவழுப்பானது. இதற்குரிய இலங்கைத் தர நியமம் எஸ்.எல்.எஸ். 147 ஆகும். குழாயின் மேல் இக்குறி அச்சிடப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். கழிவுநீருக்கான மெல்லிய குழாயை நீர் வழங்கலுக்குப் பாவிக்கக்கூடாது. அது அமுக்கத்தைத் தாங்காது.

கடையில் அரை அங்குலம், முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் எனக் கேட்கும் பி.வி.சி. குழாய்களின் வெளிவிட்டங்கள் முறையே 20, 25, 32 மில்லிமீற்றர் ஆகும். தாங்கியிலிருந்து இறங்கும் பிரதான குழாய் பெரிதாகவும், ஒவ்வொரு பைப்புக்கும் செல்லும் கிளை சிறிதாகவும் இருத்தல் வேண்டும். முழுவதும் அரை அங்குலக் குழாய் போட்டால் ஒருவர் கைகழுவும்போது ஷவரில் நிற்பவருக்கு நீர் குறைந்துவிடும்.

பி.வி.சி. குழாய்க்கு இரு குறைபாடுகள் உண்டு. ஒன்று, நீண்டகாலம் வெயில் பட்டால் அது நொறுங்கும் தன்மை பெறும். இரண்டு, சுடுநீரில் மென்மையாகி வலிமை இழக்கும். ஆகவே ஹீற்றரிலிருந்து வரும் சுடுநீருக்கு பி.பி.ஆர். அல்லது சி.பி.வி.சி. போன்ற வெப்பத்தைத் தாங்கும் குழாயைப் பாவிக்க வேண்டும். இப்போது ஹீற்றர் வாங்கும் எண்ணம் இல்லாவிடினும், சுவர் திறந்திருக்கும்போதே சுடுநீர்க் குழாயொன்றைப் பதித்து முனையை அடைத்துவிட்டால் பின்னர் ரைல்ஸ் உடைக்க வேண்டியிராது.

(ஆ) அமுக்கம்
ஷவரில் கிடைக்கும் அமுக்கம் தாங்கியின் நீர் மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையிலான நிலைக்குத்து உயரத்திலே தங்கியுள்ளது. அமுக்கம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்.

தாங்கியின் நீர் மட்டம் நிலத்திலிருந்து 5 மீற்றர். ஷவர் 2 மீற்றர் எனின், உயர வித்தியாசம் 3 மீற்றர்.
அமுக்கம் = 3 × 1000 × 10 = 30 000 பஸ்கால்.

இதிலிருந்து ஒரு முக்கிய முடிவுக்கு வரலாம். 1000 லீற்றர் தாங்கிக்குப் பதிலாக, அதே உயரமுள்ள அகன்ற 2000 லீற்றர் தாங்கி வைத்தால் அமுக்கம் கூடாது. நீர் அதிக நேரம் கிடைக்கும், அவ்வளவே. அமுக்கம் கூட வேண்டுமாயின் தாங்கியை உயர்த்த வேண்டும். ஒரு மீற்றர் உயர்த்தினால் 10 000 பஸ்கால் கூடும். ஆனால் 1000 லீற்றர் நீரின் திணிவு 1000 கிலோகிராம் என்பதை மறக்கலாகாது. பழைய வீட்டின் சுவரோ கொங்கிறீற்றுத் தட்டோ அப்பாரத்தைத் தாங்குமா என்பதைத் தகுதி வாய்ந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பித்த பின்னரே உயர்த்த வேண்டும்.

ஷவர் அல்லது ஹீற்றர் வாங்குமுன் அது தொழிற்படத் தேவையான குறைந்தபட்ச அமுக்கம் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் கைநூலிற் பார்த்து, நம் வீட்டில் கிடைக்கும் அமுக்கத்துடன் ஒப்பிட வேண்டும்.

(இ) தனி வால்வு
பழைய வீடுகள் பலவற்றில் முழு வீட்டுக்கும் ஒரேயொரு வால்வே இருக்கும். அதுவும் இறுகித் திரும்பாமல் இருக்கலாம். குளியலறைக்கெனத் தனியான கேற் வால்வு ஒன்றை, கைக்கு எட்டும் இடத்தில் பொருத்த வேண்டும். ஓரிடத்தில் ஒழுகினால் முழு வீட்டின் நீரையும் நிறுத்தத் தேவையில்லை.

5. கழிவுநீர்த் தொகுதியை மேம்படுத்தல்

(அ) சரிவு
கொமட்டிலிருந்து செல்லும் 110 மில்லிமீற்றர் (நாலு அங்குல) குழாய்க்கு 40 இற்கு 1 என்ற சரிவு நல்லது. அதாவது 4 மீற்றர் தூரத்துக்கு 10 சென்ரிமீற்றர் இறக்கம். 6 மீற்றருக்கு 15 சென்ரிமீற்றர் இறக்கம். பழைய குந்து மலசலகூடத்தை அகற்றி எதிர்ச் சுவரோரம் கொமட் வைக்க விரும்பினால், கூடும் தூரத்துக்கேற்ற சரிவு கிடைக்குமா எனக் கணிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தரையை உயர்த்த வேண்டும். அல்லது கொமட்டைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். கொமட் வாங்குமுன் கழிவுக் குழாய் நிலத்தில் இறங்குகிறதா, சுவருக்குள் செல்கிறதா, சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பவற்றை அளந்து செல்ல வேண்டும்.

(ஆ) நீரடைப்பு
மேசன்மார் ‘ட்ரப்’ என்று சொல்லும் வளைந்த குழாயில் எப்பொழுதும் சிறிதளவு நீர் தங்கி நிற்கும். கழிவுக் குழாயிலுள்ள துர்நாற்றமும் பூச்சிகளும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது இந்நீரே. இதன் ஆழம் ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் இருத்தல் நன்று. பழைய குளியலறைகளில் தரை வடிகால் நேரடியாக வெளிக் கானுக்குத் திறந்திருப்பதைக் காணலாம். திருத்த வேலையின்போது கட்டாயமாகச் சேர்க்க வேண்டியது இந்த ட்ரப். கூரைக்கு மேலே செல்லும் காற்றுக் குழாயும் அவசியம். அது இல்லாவிடின், பெருமளவு நீர் ஒரேயடியாக ஓடும்போது ட்ரப்பிலுள்ள நீரும் இழுபட்டுச் சென்றுவிடும்.

(இ) வெடிப்பைக் கண்டறிதல்
பழைய மண் குழாய்களின் மூட்டுகளில் மரவேர் நுழைந்து வெடிப்பு ஏற்படுவதுண்டு. குழாயின் தாழ்ந்த முனையை இறுக அடைத்து, மேல் முனைவரை நீர் நிரப்பி, 15 நிமிடம் மட்டத்தைக் கவனிக்க வேண்டும். மட்டம் இறங்கினால் நிலத்துக்குள் கசிவு உண்டு.

6. கிணறும் மலக்குழியும்

இப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள். மேலே கூறியவற்றிற் தவறு நேர்ந்தால் காசு நட்டம். இங்கே தவறு நேர்ந்தால் நோய்.

ஒழுங்கான முறையில் மலக்கழிவு முதலில் நீர்புகாத அழுகல் தொட்டிக்குச் சென்று அடைய வேண்டும். தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் ஊற வேண்டும். பழைய வீடுகளிலோ அடித்தளம் இல்லாத வெறும் குழியே இருக்கலாம். சுண்ணாம்புக்கற் பிரதேசத்தில் பாறையின் வெடிப்புகள் ஊடாக அழுக்கு நீர் வடிகட்டப்படாமலே கிணற்றை அடையக்கூடும். குடாநாட்டு மக்கள் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருப்பதால், ஒரு வீட்டின் குழி அயல்வீட்டின் கிணற்றையும் பாதிக்கலாம்.

இதனால் இரு வகைத் தீங்குகள் வரும். ஒன்று, வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம் போன்ற நோய்க்கிருமிகள். நீரைக் கொதிக்கவைத்தால் இவை அழியும். மற்றையது, நைத்திரேற்று. இது பயிருக்கு இடும் பசளையிலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் நிலத்தடி நீரிற் சேர்கிறது. கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வழிகாட்டும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும்.

ஆகவே குளியலறையைப் பெரிதாக்குமுன் செய்ய வேண்டியவை:
• மலக்குழி எங்குள்ளது, எவ்வகையானது எனக் கண்டறிதல்.
• தன் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து, உள்ளூராட்சிச் சபையின் விதிகளுடன் ஒப்பிடுதல்.
• பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுதல். கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல்.
• வெறும் குழியாயின், இத்திருத்த வேலையுடனேயே அழுகல் தொட்டி அமைத்தல். இதற்குரிய இலங்கை நியமம் எஸ்.எல்.எஸ். 745 ஆகும்.
• குளிக்கும் நீரை, அதற்கென அளவிடப்படாத அழுகல் தொட்டிக்குள் விடாது வேறாக வெளியேற்றல். அதிக நீர் வேகமாகச் சென்றால் கழிவு அடைய நேரம் கிடையாது.

கையிற் காசு குறைவாக இருந்தால் எதை விடுவது? ரைல்ஸை அரைச் சுவருடன் நிறுத்தலாம். சாதாரண சீமெந்துத் தரையுடன் இன்னும் சில வருடம் இருக்கலாம். குழியை மட்டும் பிற்போடக்கூடாது.

7. மின்சாரம் பற்றிய எச்சரிக்கை

பழைய வீடுகள் சிலவற்றில் வீட்டின் புவித்தொடுப்புக் கம்பியை இரும்பு நீர்க்குழாயுடன் இணைத்திருப்பார்கள். இரும்பு மின்னைக் கடத்தும், பி.வி.சி. கடத்தாது. இரும்புக் குழாயின் ஒரு பகுதியை அகற்றிப் பி.வி.சி. பொருத்தியதும் புவித்தொடுப்பு அறுந்துவிடலாம். எல்லா மின்குமிழ்களும் வழமைபோல் எரியும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் ஹீற்றரில் மின் ஒழுக்கு ஏற்படும் நாளில், ஈரக் காலுடன் நிற்பவரின் உடலூடாக மின் பாயும்.

எனவே குழாயை வெட்டுமுன் தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு புவித்தொடுப்பைப் பரிசோதிப்பித்து, தனியான புவிக்கோல் பதிப்பிக்க வேண்டும். ட்ரிப் சுவிச் எனப்படும் மின் ஒழுக்குப் பாதுகாப்பு ஆளி ஒழுங்காகத் தொழிற்படுகிறதா என்பதை அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

8. மூடுமுன் பரிசோதித்தல்

புதுக் குழாய் பதித்தவுடன் சீமெந்து பூசக்கூடாது. முனைகளை அடைத்து, நீரை நிரப்பி, பம்பி மூலம் அமுக்கம் கொடுத்து மானியைக் கவனிக்க வேண்டும். பம்பி கிடைக்காவிடின், குறைந்தது தாங்கியின் முழு அமுக்கத்தில் ஒரு நாள் விட்டு, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கடதாசியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். அதன் பின்னர் குழாய்கள் செல்லும் பாதையை அளவுகளுடன் படமாக வரைந்து, புகைப்படமும் எடுத்து வைத்தல் நன்று. பிற்காலத்தில் கண்ணாடி மாட்டத் துளையிடுபவர் குழாயைத் துளைக்காதிருக்க இப்படம் உதவும்.

வேலை ஒழுங்கு:
பரிசோதித்தல் → திட்டமும் செலவு மதிப்பீடும் → நீரையும் மின்னையும் துண்டித்தல் → பழையவற்றை அகற்றல் → கழிவுக் குழாய் → நீர் வழங்கற் குழாய் → அமுக்கப் பரிசோதனை → நீர்புகாப் பூச்சு → ரைல்ஸ் → கொமட், பேசின், ஷவர் பொருத்தல்.

9. மாதிரி வினாவும் விடையும்

வினா: 1974 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வீடொன்றின் குளியலறையைப் புதுப்பிக்க உரிமையாளர் விரும்புகிறார். அங்கு இரும்புக் குழாய்களும் கிணறும் வெறும் மலக்குழியும் உள்ளன.
(i) நீர்க் கசிவு உண்டா என அறியும் முறையொன்றை விளக்குக. (4 புள்ளிகள்)
(ii) குளியலறைப் பைப்பில் நீர் குறைவாக வருவதற்கான இரு காரணங்களைத் தருக. (4 புள்ளிகள்)
(iii) பெரிய தாங்கி வைத்தால் ஷவரின் அமுக்கம் கூடும் என உரிமையாளர் கருதுகிறார். உமது கருத்து யாது? (4 புள்ளிகள்)
(iv) மலக்குழியை முதலில் மாற்ற வேண்டும் என்பதற்கு இரு காரணங்கள் தருக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு:
(i) தாங்கியை நிரப்பி, மோட்டரை நிறுத்தி, எல்லா பைப்புகளையும் மூடி, மட்டத்தை அடையாளமிட்டு, எட்டு மணித்தியாலத்தின் பின் ஒப்பிடுதல். மட்டம் இறங்கினால் கசிவு உண்டு. தாங்கியே ஒழுகுகிறதா என அறிய வால்வை மூடி மீண்டும் செய்தல்.
(ii) குழாயின் உட்புறம் துருப் படிந்து குறுக்குவெட்டுப் பரப்பளவு குறைந்திருத்தல். தாங்கியின் உயரம் போதாமையால் அமுக்கம் குறைந்திருத்தல்.
(iii) கருத்து தவறானது. திரவ அமுக்கம் நீர் நிரலின் உயரத்திலே தங்கியுள்ளது, கனவளவில் அல்ல. தாங்கியை உயர்த்தினாலே அமுக்கம் கூடும். உயர்த்துமுன் கட்டடத்தின் தாங்குதிறனைப் பார்க்க வேண்டும்.
(iv) நோய்க்கிருமிகள் கிணற்றை அடைந்து நோய் பரப்பலாம். கொதிக்கவைத்தும் நீங்காத நைத்திரேற்று குடிநீரிற் சேரலாம்.

மாணவர்கள் புள்ளிகளை இழப்பது எங்கே என்பதையும் கூறிவிடுகிறேன். “பழைய குழாய்களை மாற்ற வேண்டும்” என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறீர்கள். அது செயல் மட்டுமே. “ஏனெனில்” என்ற சொல்லைச் சேர்த்துக் காரணத்தை எழுதினாலே விளக்கம் ஆகும். விளக்குக என்ற வினாவுக்குச் செயல், காரணம், விளைவு ஆகிய மூன்றும் வருகின்றனவா என ஒருமுறை சரிபார்த்த பின்னர் அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.

செய்கைப் பயிற்சி: இன்றிரவே உங்கள் வீட்டில் பரிசோதனை 1 அல்லது 2 ஐச் செய்து வாசிப்புகளைக் கொப்பியிற் பதியுங்கள். நாளை வாளிப் பரிசோதனையையும் நிறப் பரிசோதனையையும் செய்யுங்கள். பெறுபேற்றை வீட்டாருக்கும் சொல்லுங்கள். கசிவு ஒன்றைக் கண்டுபிடித்தால், பரீட்சைக்கு முன்னரே உங்கள் படிப்பு வீட்டுக்குப் பயன்பட்டுவிட்டது.

பரீட்சையில் சிறப்பாகச் சித்தியடைய வாழ்த்துக்கள்.